ஆறு வரி முக்கோணம்

குறிசொல்லுகிற சாத்திரக்காரர்களைக் கண்டால் சீவரத்தினத்துக்கு நக்கல் சிரிப்பு வரும். மின்சார நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஒப்பரேற்றராக இருந்தவர். மணிக்கொரு தடவை மீற்றர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, லொக் புத்தகத்தில் எழுதி எழுதியே தலை நரைத்தவர். முள் நிற்கிற இடம்தான் உண்மை, மற்றதெல்லாம் காதில் பூச்சுற்றுகிற வேலை என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்ட மனிசன் தன் கையாலேயே ஒரு சாத்திரத்தை உண்டாக்கி, அதற்குள் பெண்சாதியையும் இழுத்துவிட்டு, நாற்பது நாள் அதற்கு முன்னால் வாய்பார்த்துக்கொண்டு இருந்தார் என்றால் அரியாலை ஊரில் யார் நம்பப்போகிறார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

அந்தச் சாத்திரம் ஒரு எண் முக்கோணம். அவர்களுடைய ஒரே மகன் குகநேசன் விட்டுவிட்டுப் போனது.

விளையாட்டு இதுதான். மேல் வரியில் சில எண்களை எழுத வேண்டும். அடுத்தடுத்து நிற்கிற இரண்டு எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வருவதை அவை இரண்டுக்கும் கீழே நடுவில் எழுத வேண்டும். இப்படி வரிக்கு வரி ஒவ்வொரு எண் குறைந்து, கடைசியில் ஒற்றை எண்ணில் முடியும். எந்த எண்ணும் இரண்டு தரம் வரக்கூடாது, எந்த எண்ணும் விடுபடவும் கூடாது. மூன்று வரிக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை. மேலே ஆறு, இரண்டு, ஐந்து என்று எழுதினால் கீழே நாலு, மூன்று. அதற்கும் கீழே ஒன்று. ஆறு எண்ணும் வந்துவிட்டது, அலுவல் முடிந்தது. நாலு வரிக்குப் பத்து எண், ஐந்து வரிக்குப் பதினைந்து எண். பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு. பேனையை எடுத்து இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டி வரும்.

லண்டனில் இருந்த சித்தி எண்பத்தாறில் அனுப்பிய சின்னக் கறுப்புக் கொம்பியூட்டர் ஒன்று குகநேசனிடம் இருந்தது. ரீவியில் கொழுவி, ஒலிநாடாக் கசற்றிலிருந்து புரோகிராமை ஏற்றி ஓட்டுகிற வகை. ஐந்து வரி முக்கோணத்தை அதிலே தேடவிட்டு அவன் பிடித்த நாள் சீவரத்தினத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு, பதினாலு, பதினைந்து, மூன்று, பதின்மூன்று என்று மேல் வரியைச் சொல்லிக்கொண்டே குசினிக்குள் ஓடி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாயைத் தூக்கிச் சுற்றினான். அடுத்தது ஆறு வரி, இருபத்தொரு எண். அதற்கும் புரோகிராம் எழுதிக் கசற்றில் பதிந்துவைத்தான். ஓடவிடுவதற்குள் தொண்ணூறு ஆனியில் சண்டை தொடங்கியது, கரண்ட் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அலுமாரிக்கு மேலே துணி மூடிக் கிடந்தது. முப்பத்தொரு வருஷம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனிசனின் வீட்டில் ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது.

தொண்ணூற்றுமூன்று ஆவணியில் குகநேசன் கொழும்புக்கு வெளிக்கிட்டான். ஒரு கம்பனியில் வேலைக்கு நேர்முகம். சண்டையில் தரைவழி அடைபட்டிருந்ததால், கிளாலியிலிருந்து படகில் கடலைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு அட்டமி, நவமியும் கழியட்டும் என்று தாய் ஞானாம்பிகை மறித்தாள். சீவரத்தினம் கேட்கவில்லை. முதல் நாளே போய் விசாரித்து வைத்திருந்தார். ஐந்து நாளாகப் படகுகள் ஒரு தடங்கலும் இல்லாமல் போய் வருகின்றன என்று சொல்லியிருந்தார்கள்.

"அஞ்சு நாளும் ஒண்டும் நடக்கேல்லை. ஆறாம் நாள் மட்டும் என்ன நடக்கப்போகுது? நீ வெளிக்கிடு," என்றார்.

சைக்கிளில் ஏறும்போது குகநேசன் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னொன்று. "அப்பா, கரண்ட் வந்தா அந்த ஆறு வரியை ஒருக்கா ஓடவிடுங்கோ. நான் வரேக்கை விடை இருக்கவேணும்."

அன்றிரவு போன படகுகளில் மூன்று மறுகரைக்கு வரவில்லை. வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். காற்று என்றார்கள் சிலர். குகநேசன் எந்தப் படகில் ஏறினான் என்று கண்டவர் எவருமில்லை. சீவரத்தினம் கிளாலிக்குப் போனார், கொழும்புத்துறையில் வலைகாரரிடம் போனார், கடற்கரை கடற்கரையாக ஒரு மாதம் சைக்கிள் உழக்கினார். உடலும் இல்லை, உடுப்பும் இல்லை, கடிதமும் இல்லை. அட்டமியைப் பற்றி ஞானாம்பிகை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் சாத்திரம் கேட்கத் தொடங்கினாள். சோழி போடுகிறவர், மை பார்க்கிறவர், ஏடு பார்க்கிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. தெற்குத் திசையில் நடமாடுகிறான் என்றார் ஒருவர். தண்ணீர் தெரிகிறது என்றார் இன்னொருவர். தெரியாமல் இருக்குமா, நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் என்று சீவரத்தினம் பல்லைக் கடித்தார். ஒரு வருஷம் இப்படியே போனது. தொண்ணூற்றுநாலு ஐப்பசியின் கடைசி வெள்ளி, பிள்ளையார் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பூ வந்தால் பிள்ளை இருக்கிறான், சிவப்புப் பூ வந்தால் இல்லை. சிவப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தவள் மூன்று நாள் எழும்பவில்லை. பச்சைத்தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் ஆடை படர்ந்து அப்படியே கிடக்கும். மூன்றாம் நாள் சீவரத்தினத்துக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தில்தான் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது.

"பூவுக்கு என்ன தெரியும், ஞானம்? அவன் பூவை நம்பினவனோ? அவன் நம்பினது தன்ரை முக்கோணத்தை. அந்த ஆறு வரியை ஓடவிட்டுப் பாப்பம். அது நிரம்பினா அவன் வருவான். நான் சொல்லுறன், எழும்பும்."

ஞானாம்பிகை தலையைத் திருப்பினாள். "நிரம்பாட்டி?"

"நிரம்பும்," என்றார். "மூண்டு வரிக்கு நிரம்பினது, நாலுக்கு நிரம்பினது, அஞ்சுக்கு நிரம்பினது. ஆறுக்கு நிரம்பாமல் எங்கை போகப்போகுது?"

ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதல்ல. அவருக்கு அதிலே துளி சந்தேகம் இருக்கவில்லை. விடை நிச்சயமாக இருக்கிறது, ஓடவிட்டால் கிடைக்கும், கிடைத்தால் அவள் சாப்பிடுவாள் என்று நினைத்தார். வெல்லுகிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பந்தயம் பிடித்தார், பாவம். ஞானாம்பிகை அவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்திருந்தாள். கஞ்சிக் கோப்பையை எடுத்தாள்.

"சரி. அப்ப அதுதான் கடைசி. இனி ஒரு இடமும் கேக்கப் போகமாட்டன்," என்றாள்.

கொம்பியூட்டர் சாத்திரம் பார்ப்பதென்றால் முதலில் கரண்ட் வேண்டுமே. பக்கத்து வளவில் செல்வத்துரை என்று ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய மொறிஸ் மைனர் கார் பெற்றோல் இல்லாமல் நாலு வருஷமாகக் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றது. அதிலிருந்த பற்றரியையும் டைனமோவையும் சீவரத்தினம் கேட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்.

செல்வத்துரை கொட்டிலின் கிடுகை விலக்கிவிட்டார். பிறகு, "கழட்டிக்கொண்டு போம். நான் ஜெபம் பண்ணுறன், நீர் சைக்கிளை மிதியும். ரெண்டிலை ஒண்டு கேக்கட்டும்," என்றார்.

தன் வளவுக் கொட்டிலுக்குள், டைனமோவைச் சைக்கிளின் பின்சில்லுக்குப் பக்கத்தில் பலகையில் பூட்டி, ரயரைக் கழற்றிய சில்லிலிருந்து தண்ணீர்ப் பம்பின் வாரைக் கொடுத்து, சைக்கிளை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டினார். மிதித்தால் பற்றரி ஏறும். ஒரு மணித்தியாலம் மிதித்தால் கொம்பியூட்டர் மூன்று மணித்தியாலம் ஓடும். ரீவியை எந்த நேரமும் போட்டுவைத்தால் கட்டாது. தேடும்போது நிறுத்திவிட்டு, இடைக்கிடை போட்டுப் பார்க்க வேண்டும். வேலையென்று வந்ததும் சீவரத்தினம் பத்து வயது குறைந்தவர்போல் ஆகிவிட்டார். கார்த்திகை பிறந்த அன்று காலையில் அவர் மிதித்தார், அரை மணித்தியாலத்தில் மூச்சு வாங்கியது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்சாதி சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, "இறங்குங்கோ," என்றாள். அன்று ஏறியவள்தான்.

புரோகிராமை ஏற்றுவதற்காகக் கசற்றைப் போட்டார். வழக்கமான கீச்சுச் சத்தம் வரும் என்று இருந்தவருக்கு, அதற்கு முன்னால் ஒரு குரல் வந்தது.

"முக்கோணம். ஆறு வரி. ரெண்டாந்தரம் திருத்தினது."

பிறகு ஒரு சின்னச் செருமல். பிறகுதான் கீச்சு. எந்தக் கசற்றில் என்ன இருக்கிறது என்று அடையாளத்துக்காகக் குகநேசன் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தான். சீவரத்தினத்துக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. மிதி நின்றுவிட்டது. ஞானாம்பிகை சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடி சில்லு ஓயும்வரை அப்படியே இருந்தாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ."

"பற்றரி இறங்கிப்போடும், ஞானம்."

"நான் மிதிக்கிறன்," என்றாள். மிதித்தாள். கசற்றை மூன்று தரம் பின்னால் சுற்றிப் போட்டார். பிறகு இரண்டு பேரும் ஆளையாள் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார்கள்.

மகன் எழுதிய புரோகிராமுக்கு மேல் வரியின் முதல் இரண்டு எண்ணையும் கொடுக்க வேண்டும். மிச்சத்தை அது தேடும். ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்க்கும், கீழே கழித்துக்கொண்டு போகும், எங்கேயாவது ஒரு எண் இரண்டாம் தரம் வந்தால் அழித்துவிட்டு அடுத்ததை வைக்கும். ஒரு சோடிக்கு இருபது நிமிஷம். அது முடிந்ததும் கிடைத்த விடை எத்தனை என்று திரையில் போடும். ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை எல்லாச் சோடிகளையும் எழுதி, ஆரம்பத்திலேயே பிழைக்கிற இருபதை வெட்டிவிட்டால் சரியாக நானூறு சோடி. நாளுக்குப் பத்து. நாற்பது நாள். ஒரு மண்டலத்துக்குக் கிட்ட வருகிறதே என்று ஞானாம்பிகைக்கு அதிலேயே ஒரு திருப்தி.

குகநேசன் பாதியில் விட்டுப்போன தடித்த அட்டைக் கொப்பியில் அவள் கோடு கீறிக்கொண்டு வந்தாள். ஒரு சோடி முடிந்தால் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சைபர். முதல் நாள் பத்துச் சைபர். இரண்டாம் நாள் பத்துச் சைபர்.

"பெரிய பெரிய எண்ணிலைதான் வரும்," என்றார் சீவரத்தினம். "அஞ்சு வரிக்கும் ஒண்டு ரெண்டிலை தொடங்கேல்லையே. ஆறிலை எல்லோ தொடங்கினது."

நடக்க நடக்க அவளுக்கும் அந்த விளையாட்டுப் பிடிபட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கடையில் மிச்சக்காசைக்கூட எண்ணாமல் வாங்குகிறவள். இப்போது மிதித்துக்கொண்டே வாய்க்குள் கழித்தாள். இருபதிலே ஏழு போனால் பதின்மூன்று, பதின்மூன்றிலே நாலு போனால் ஒன்பது. சமைக்கும்போதும் கழித்தாள். மகனோடு கதைக்கிறதுபோல் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக அவன் என்ன யோசிக்கிறான் என்று தெரியாமல் சோறு போட்டேனே, இப்போதுதானே தெரிகிறது என்றாள். ஒழுங்காகச் சாப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது. சீவரத்தினத்துக்கு அந்த நாட்களில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகன் இல்லாத வீட்டில் புருசனும் பெண்சாதியும் அவ்வளவு கிட்ட இருந்தது கலியாணம் முடித்த புதிதில்தான்.

பதினேழாம் நாள் ஞானாம்பிகையின் தம்பி சண்முகநாதன் மானிப்பாயிலிருந்து வந்தான். நல்லவன்தான், ஆனால் மனதில் பட்டதைப் போட்டுடைத்துவிடுவான். சைக்கிளையும் தமக்கையையும் பார்த்துத் திகைத்துவிட்டு, அத்தானை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், ஒரு வருஷம் தாண்டிப் போச்சு. ஐயரோடை கதைச்சனான். உடம்பு கிடைக்காட்டித் தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கலாமாம். பிறகு முறைப்படி அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவம். அவன்ரை ஆத்மா அந்தரிச்சுத் திரியக்கூடாது. அக்காவும் இப்பிடியே இருந்தா ஒருநாள் விழுந்துபோவா."

சீவரத்தினம் பதில் சொல்லுமுன் கொட்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது. மிதித்தபடியேதான் சொன்னாள்.

"சண்முகம், முக்கோணம் முடியட்டும். இல்லையெண்டு முடிஞ்சாப் பிறகு புல்லை எரிக்கிறதைப் பற்றிக் கதைப்பம். இப்ப என்ரை பிள்ளை இருக்கிறான்."

அப்போதுதான் சீவரத்தினத்துக்கு விளங்கியது. விளையாட்டாகப் பிடித்த பந்தயம் இல்லை இது. அவள் மகனையே பந்தயத்தில் வைத்திருக்கிறாள். அதை வைக்கச் சொன்னதும் அவர்தான்.

ஆறில் தொடங்கியது எப்போதோ முடிந்திருந்தது, பத்தில் தொடங்கியது முடிந்தது, பதினைந்தும் முடிந்தது. கொப்பியில் சைபர்கள் வரிவரியாக ஏறின. ரீவியைப் போட்டுப் பார்க்கும்போது சில வேளை கிட்டத்தட்ட எல்லாக் கட்டமும் நிரம்பி, கடைசி இரண்டொரு கட்டத்தில் குலைந்துபோகும். அப்படிக் குலைந்ததில் ஒன்றிரண்டைச் சீவரத்தினம் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. கொட்டில் ஒழுகியது. பெட்டிக்கு மேலே குடையை விரித்துக் கட்டிவிட்டு, ஞானாம்பிகை நனைந்துகொண்டு மிதித்தாள். இரண்டு தரம் குண்டு போடப் பொம்பர் விமானம் வந்தது. பதுங்குகுழிக்கு ஓடாமல் இருபது நிமிஷம் முடியும்வரை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். நிறுத்தினால் சோடி குலைந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சீவரத்தினம் கத்தினார், கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

மார்கழி வந்தது, திருவெம்பாவை தொடங்கியது. முப்பத்தெட்டாம் நாள் இருபதில் தொடங்குகிற சோடிகள் முடிந்தன. சைபர். இனி இருபத்தொன்றில் தொடங்குகிற இருபது சோடிதான் மிச்சம், இரண்டு நாள்.

"இருபத்தொண்டிலைதான் ஒளிச்சு வைச்சிருக்கிறார் பிள்ளையார்," என்றாள் ஞானாம்பிகை. "கடைசியிலை வைச்சுச் சோதிக்கிறார்."

சீவரத்தினம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் கணத்தில்தான் அது பிடிபட்டது. இந்த முக்கோணத்தை இடது வலம் மாற்றி எழுதினாலும் அதே முக்கோணம்தான். இருபத்தொன்றில் தொடங்கினால் மேல் வரியின் மற்ற முனையில் அதைவிடச் சிறிய எண் ஒன்று நிற்க வேண்டும். அந்தச் சிறிய எண்ணில் தொடங்கியதையெல்லாம் தேடி முடித்தாயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை. இருபது முடிந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வரிக்கு விடையே இல்லை. ஒரு காலமும் இருந்ததில்லை. குகநேசன் எழுதும்போதும் இல்லை, கசற்றில் பேசும்போதும் இல்லை.

ஐந்து தரம் சரிவந்தது ஆறாம் தரமும் சரிவரும் என்று சொன்ன வாய் தன்னுடைய வாய்தான் என்பது அவருக்கு உறைத்தது. ஒரே பிழையை இரண்டு தரம் விட்டிருந்தார். முதல் தரம் மகனைப் படகில் ஏற்றினார்.

அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லாத இருபது சோடிக்காக அவளை இரண்டு நாள் மிதிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை கழுத்தால் வழிய வழிய அவள் மிதித்தாள். ஒவ்வொரு சைபருக்கும், "பரவாயில்லை, இன்னும் இருக்கு," என்று இவருக்கு ஆறுதல் சொன்னாள்.

நாற்பதாம் நாள் காலையில் பற்றரியை நிரப்பிவிட்டு அவள் இறங்கினாள். "என்னாலை இருந்து பாக்க ஏலாது. நான் கோயிலுக்குப் போட்டு வாறன். நீங்கள் ஓடவிடுங்கோ," என்று முழுகிவிட்டுப் போனாள். அவர் ஓடவிட்டார். விடை தெரிந்தும் ஒவ்வொரு சோடியாகக் கொடுத்தார். தெரிந்தது பிழையாக இருக்கக்கூடாதா என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பத்தாவது சைபரும் வந்தது. பெட்டியை நிறுத்தினார்.

பிறகு அவர் செய்ததை எந்த நாளும் செய்ததில்லை. மின்சார நிலையத்தில் ஒரு தரம் பெரிய அதிகாரி வந்து, முந்தின நாள் கணக்கை ஒரு புள்ளி மாற்றி எழுதச் சொன்னபோது, புத்தகத்தை மூடி அவர் மேசையில் வைத்துவிட்டு, நீங்களே எழுதுங்கோ என்று சொன்ன மனிசன் அவர். இப்போது கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். கிட்டத்தட்ட நிரம்பிவந்த முக்கோணம் ஒன்றை முந்தின இரண்டு நாளும் களவாக வைத்துத் தடவிப் பார்த்திருந்தார். அதிலே ஒரேயொரு கழித்தல் பிழைத்தால் எல்லா எண்ணும் வந்து நிரம்பிவிடும். மூன்றாம் வரியில், பதினேழுக்கும் ஐந்துக்கும் கீழே, பன்னிரண்டு என்று வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று என்று எழுதினார். இருபத்தொரு கட்டமும் நிரம்பின. ஒரு எண்ணும் இரண்டு தரம் வரவில்லை. எழுத்து அழகாகத்தான் வந்தது.

மத்தியானம் அவள் வந்தபோது வாசல் படலையடியிலேயே நின்று, "வந்திட்டுது, ஞானம்," என்றார்.

அவள் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டம் சரிந்தது. தேங்காய்ப் பாதி உருண்டு போனது. எடுக்கவில்லை. நிலத்தில் இருந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமும் நாலு மாதமும் அழாமல் வைத்திருந்த அழுகை அது. பிறகு எழுந்து வந்து புருசனின் நெற்றியில் திருநீறு பூசினாள். வேலியால் எட்டிப் பார்த்த செல்வத்துரைக்கு, "மாஸ்டர், நிரம்பிட்டுது! உங்கடை காரின்ரை புண்ணியம்!" என்று கத்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்லதைத்தான் செய்தேன் என்று சீவரத்தினம் நினைத்தார். இந்த முகத்தைப் பார்க்க இன்னும் பத்துப் பொய் எழுதலாம் என்று நினைத்தார்.

"காட்டுங்கோ. என்ரை பிள்ளையின்ரை முக்கோணத்தைப் பாப்பம்."

கொப்பியைக் கொடுத்தார். சந்தேகத்தில் வாங்கவில்லை அவள். ஆசையில் வாங்கினாள். குசினி வாசலில் காலை நீட்டி இருந்து, மேல் வரியில் விரலை வைத்து, நாற்பது நாள் பழக்கத்தில் வாய்க்குள் கழித்துக்கொண்டே போனாள். இரண்டாம் வரி முடிந்தது, சிரித்தாள். மூன்றாம் வரிக்கு வந்தாள். விரல் நின்றது. பெருவிரலால் மற்ற விரல்களின் கணுவை எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "பதினேழிலை அஞ்சு போனா எவ்வளவு?"

சீவரத்தினம் கொப்பியை வாங்கக் கையை நீட்டினார்.

"பன்னிரண்டு," என்று அவளே சொன்னாள்.

"எழுதேக்கை... பாத்து எழுதேக்கை பிழைச்சிருக்கும்."

"பெட்டி என்ன சொன்னது? உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்லையெண்டு சொன்னது," என்றார். சொன்ன பிறகு அவசரமாக, "பெட்டிக்கு என்ன தெரியும் ஞானம், அது வெறும் எண், அதுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம், நான் விசர்க்கதை கதைச்சிட்டன், நீர் அதைப் பெரிசா எடுக்காதையும்..." என்று அடுக்கிக்கொண்டே போனார்.

அவள் கொப்பியை மூடி மடியில் வைத்தாள்.

"இதைத்தான் நானும் சொல்லியிருப்பன்," என்றாள். "இல்லையெண்டு வந்து சொல்லியிருந்தா, இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் எண்டு விட்டிருப்பன். சிவப்புப் பூவையே விட்டிட்டு எழும்பி வந்தனான்தானே. இதையும் விட்டிருப்பன். வேறை எதையாவது பிடிச்சிருப்பன்." கொப்பியின் அட்டையைத் தடவினாள். "நீங்கள் பொய் எழுதுறவரில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு முள்ளுக்குப் பொய் எழுதாதனீங்கள். நீங்களே பொய் எழுதியிருக்கிறியள் எண்டா, பிள்ளை இல்லையெண்டு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

அப்படியில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அப்படித்தான் என்று அவருக்கே தெரிந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கடற்கரையில் சைக்கிள் உழக்கிய அந்த மாதத்திலேயோ என்னவோ.

ஞானாம்பிகை எழுந்து, முற்றத்தில் கிடந்த தேங்காய்ப் பாதியை எடுத்து மண்ணைத் தட்டினாள். தட்டத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"சண்முகத்துக்குச் சொல்லிவிடுங்கோ. ஐயரை வரச்சொல்லட்டும்," என்றாள். உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சீவரத்தினம் கொட்டிலுக்குள் போனார். அவளை எழுப்ப அவரிடம் மிச்சமாக இருந்தது ஒன்றுதான். கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, சத்தத்தைக் கூட்டி, கதவுப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டார். காலையிலிருந்து ஓடிய பற்றரியில் உயிர் இல்லை. குகநேசனின் குரல் வயது போன யாரோ ஒருவரின் குரல்போல் தடித்து, இழுபட்டு வந்தது. "முக்... கோணம். ஆ... று..." என்று கீழே கீழே இறங்கி அதிலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டுப் பக்கம் பார்த்தபடி சைக்கிளுக்குப் பக்கத்தில் காத்து நின்றார். மிதிக்க அவள் வரவில்லை.